தலைவர் வீட்டு ஓட்டு

பை என் மடியிலேயே இருக்கட்டும் தம்பி. மேல வச்சா நசுங்கிப் போயிரும். நம்ம பக்கத்துக் காய்கறிதான், லீக்ஸ், கோவா, கொஞ்சம் போஞ்சி. கொழும்புல ஐயா வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். எந்த ஐயாவா? என்னா தம்பி, ஹட்டன்ல பஸ் ஏறுன ஆளு இப்பிடிக் கேக்குறீங்க. நம்ம சிவநேசராஜா ஐயாதான். எம்.பி. இப்ப இல்ல. போன தேர்தல்ல தோத்துட்டாரு. தோத்துட்டாருன்னு சொல்லக்கூடாது, தோக்கடிச்சிட்டாங்க. வேற யாரும் இல்ல, நம்ம சனங்களேதான்.

என் பேரு லெட்சுமணன். கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்துத் தலைவர். தலைவர்னா சங்கத்துத் தலைவர். தோட்டத்துல யாருக்கு என்னா பிரச்சினைன்னாலும் நான்தான் தொரைகிட்ட, அதான் தோட்டத்து மேனேஜர்கிட்டப் போகணும். நாங்க இருக்கிற லயத்து வீட்டுக் கூரை ஒழுகுனாலும் நான்தான், புருசன் பொண்டாட்டி சண்டைன்னாலும் நான்தான். தேர்தல் வந்தா எந்தச் சின்னம், எந்த இலக்கம்னு வீடு வீடாப் போய் சொல்றதும் நான்தான். சொன்னா சொன்னதுதான். ஒரு ஓட்டு வெளிய போகாது. ஐயாவே மேடையில சொல்லியிருக்காரு, "கல்லுமலை பெட்டிய எண்ணவே தேவயில்ல, லெட்சுமணன் ஏற்கனவே எண்ணிட்டாரு"ன்னு. சனமெல்லாம் சிரிச்சிச்சு. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

தலைவரா இருந்தேன்னு சொல்லணும். இப்ப இல்ல. அந்த ஞாயத்தக் கேக்கத்தான் போறேன்.

அந்த வருசம் ஒங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நாட்டுல டொலர் இல்லைன்னாங்க. எங்களுக்கு டொலரப் பத்தி என்னா தெரியும்? மாவு வெல ஏறுனப்பத்தான் தெரிஞ்சுச்சு. எங்க சனத்துக்கு ரொட்டி இல்லாட்டி ஒன்னுமில்ல. காலையில ரொட்டி, மலைக்குக் கொண்டுபோறது ரொட்டி. மாவு வெல ஏற ஏற ரொட்டி சின்னதாகிக்கிட்டே போச்சு. பொறவு கெழங்க அவிச்சாங்க. மண்ணெண்ணெய் இல்ல. கேஸ் இல்ல. பெட்ரோல் ஷெட்டுல விடியக்கால போய் கியூவுல நின்ன ஆளு அடுத்த நாளுதான் திரும்பி வரும், வெறும் கேனோட. பள்ளிக்கூடத்துல புள்ளைங்க காலைப் பிரார்த்தனையில நிக்கும்போதே மயங்கி விழுந்துச்சுங்க.

அப்பத்தான் பார்லிமெண்டுல அரசாங்கத்தக் கவுக்க ஒரு வாக்கெடுப்பு வந்துச்சு. ஐயா அரசாங்கத்துப் பக்கம் கையத் தூக்குனாரு. அடுத்த வாரமே அவர ராஜாங்க அமைச்சரா ஆக்குனாங்க. பேப்பர்ல படம் வந்துச்சு, வெள்ள வேட்டியோட. லயத்துல பொம்பளைங்க அந்தப் பேப்பரப் பாத்துக்கிட்டே நின்னாங்க. நான்தான் வெளங்கப்படுத்துனேன். "உள்ள இருந்தாத்தானே நமக்கு எதாச்சும் வாங்கித் தர முடியும், வெளிய நின்னு கத்துனா யாரு தருவா?"ன்னேன். ஞாயமான பேச்சுதானே தம்பி? இன்னைக்கும் அதத்தான் சொல்லுவேன்.

என் சம்சாரம் பாக்கியம். மகன் ஒருத்தன், தினேஷ். கொழும்புல ஹார்ட்வேர் கடையில நிக்கிறான். மருமக ரேணுகா எங்களோட தோட்டத்துலதான். கொழுந்து பறிக்கிற புள்ள. நல்ல புள்ள தம்பி, அதச் சொல்லித்தான் ஆகணும். சத்தமே வராது. மலையில இருந்து வந்த ஒடனே அத்தைக்கு வெந்நி போட்டுக் குடுக்கும். அவங்க கல்யாணத்துக்கு ஐயா நேருல வந்தாரு. தாலிய அவரு கையாலதான் எடுத்துக் குடுத்தாரு. அந்தப் படத்த சட்டம் போட்டு மாட்டி வச்சிருக்கேன்.

அந்தக் கஷ்ட காலத்துலதான் ரேணுகா மாசமா இருந்துச்சு.

ஐயா அமைச்சரானதும் எங்க தோட்டத்துக்கு ஒரு கலாசார மண்டபம் ஒதுக்குனாரு. ஞாயித்துக்கெழம அடிக்கல் நாட்டு விழா. கரண்டு எப்ப வரும் எப்ப போகும்னு தெரியாத நேரம். மைக்குக்கு ஜெனரேட்டர் வேணும், ஜெனரேட்டருக்கு டீசல் வேணும். ஐயாவோட செக்ரட்டரி ஜீப்புல ரெண்டு கேன் டீசல் கொண்டாந்து என்கிட்டக் குடுத்தாரு. "லெட்சுமணன், ஒங்கள நம்பித்தான் வச்சிட்டுப் போறேன். ஒரு சொட்டு கொறையக்கூடாது"ன்னாரு. அந்த நேரத்துல டீசல்னா தங்கம் மாதிரி. நான் சங்க ரூமுல வச்சுப் பூட்டி, சாவிய இடுப்புல சொருகிக்கிட்டேன்.

வெள்ளிக்கெழம காலையில ரேணுகாவுக்கு வலி வந்துருச்சு. நாள் இன்னும் இருந்துச்சு, ஆனா வந்துருச்சு. நல்ல மழை வேற. தோட்டத்து லொறி நிக்குது, டிரைவரும் இருக்கான், டேங்க் காஞ்சு போய்க் கெடக்கு. ஆம்புலன்சுக்குப் போன் பண்ணுனோம். வேற தோட்டத்துக்குப் போயிருக்கு, வர நேரமாகும்னாங்க. பாக்கியம் ஓடி வந்தா.

"அந்த டீசல ஊத்துங்க"ன்னா.

நான் என்னா சொல்லணும் தம்பி? என் பொருளா அது? என் சொந்த டீசலா இருந்தா கேக்கவா போறேன்? இரு, ஐயாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்னேன். ஐயாவுக்கு எடுத்தேன். எடுக்கல. கூட்டத்துல இருந்திருப்பாரு. செக்ரட்டரிக்கு எடுத்தேன். விசயத்தச் சொன்னேன். "அப்பிடியா? இருங்க, ஐயாகிட்டக் கேட்டுச் சொல்றேன்"னாரு. வச்சிட்டாரு. நான் போனக் கையிலேயே வச்சுக்கிட்டு நின்னேன். சிக்னல் போயிரும்னு கூரைக்குள்ளகூட நிக்கல. மழையிலதான் நின்னேன்.

பாக்கியம் மறுபடி வந்தா. "வந்துரும், இப்ப வந்துரும்"னேன். மூணாவது தரமும் வந்தா. என் இடுப்புல இருந்த சாவியப் பாத்தா. ஒடனே நான் கையால மறைச்சேன். எதுக்கு மறைச்சேன்னு தெரியல. அவ புடுங்குற ஆளு இல்ல. பழக்கம்தான், வேற என்னா.

அப்பறம் போன் வந்துச்சு. சும்மா சொல்லக்கூடாது, ஐயா இல்லைன்னு சொல்லல. "கொஞ்சம் ஊத்திக்கிங்க. ஞாயித்துக்கெழமைக்குக் கொறையாம பாத்துக்கிங்க"ன்னு செக்ரட்டரி சொன்னாரு. பாத்தீங்களா? கேட்டதுக்குக் குடுத்தாரு. ஓடிப் போய்த் தொறந்து நானே ஊத்துனேன். லொறியில ரெட்டச் சாக்க விரிச்சு, மழைக்கு மேல படங்கக் கட்டி, ரேணுகாவ ஏத்துனோம். பாக்கியம் கூடப் போனா. நான் முன்னால டிரைவர் பக்கத்துல.

பாதி எறக்கத்துல பின்னால இருந்து பாக்கியம் தகரத்தத் தட்டுனா. டிரைவர் லொறிய நிப்பாட்டுனான். எறங்கிப் போனேன். புள்ள பொறந்திருச்சு. ஆம்பளப் புள்ள. பாக்கியம் கையில இருந்துச்சு. அழுகல.

அவ அதோட முதுகத் தட்டுறா, காலப் புடிச்சுக் குலுக்குறா, வாயில ஊதுறா. நான் டிரைவர ஓட்டுறா ஓட்டுறான்னு கத்துனேன். ஆஸ்பத்திரியில டாக்டர் சொன்னாரு, கொஞ்சம் முந்தி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்னு. டாக்டர்மாரு எல்லாரும் அப்பிடித்தான் தம்பி சொல்லுவாங்க. முந்தி வந்திருந்தான்னு. எங்க அப்பாவுக்கும் அதத்தான் சொன்னாங்க. எண்ணெய் இல்லாதது நாட்டுக்கே வந்த கேடு. ரோடு பள்ளம். மழை வேற. அதுல யாரக் குத்தம் சொல்றது?

சனிக்கெழம பொதைச்சோம். தினேஷ் வர முடியல, பஸ் இல்ல. திங்கக்கெழமதான் வந்து சேந்தான், லொறி லொறியா மாறி ஏறி.

ஞாயித்துக்கெழம விழா நடந்துச்சு. நடத்தாம என்னா செய்யிறது? அழைப்பெல்லாம் போயிருச்சு. நான்தான் மாலை போட்டேன். தலைவர் போடாட்டி யாரு போடுறது? மேடையில வச்சு ஐயா என் தோளத் தட்டுனாரு. செக்ரட்டரி சொல்லியிருப்பாரு போல. "தைரியமா இருங்க லெட்சுமணன்"னாரு. அவ்வளவு பெரிய மனுசன். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. ஜெனரேட்டர் சத்தத்துல அவரு மத்தபடி பேசுனது ஒன்னும் கேக்கல. அந்த மண்டபத்துக்கு அதுக்குப் பொறவு ஒரு கல்லுகூட வைக்கல, அது வேற விசயம். காசு வரல. நாடு இருந்த நெலமைக்கு வருமா?

இந்த வளைவுல கொஞ்சம் புடிச்சுக்கிங்க தம்பி. இந்த டிரைவர்மாருக்கு பிரேக்குன்னு ஒன்னு இருக்கிறதே தெரியாது.

ரெண்டு வருசம் கழிச்சுத் தேர்தல் வந்துச்சு. அதுக்குள்ள மாவு வந்துருச்சு, கேஸ் வந்துருச்சு, வெலதான் எறங்கல. ஐயா அப்பத்திக்கு அந்த அரசாங்கத்த விட்டு வெளிய வந்து புதுக் கூட்டணியில நின்னாரு. எங்க தோட்டத்துக்கு வந்தாரு. கோயிலடியில கூட்டம். எல்லாரும் வந்திருந்தாங்க, ஆனா ஒரு மாதிரி வந்திருந்தாங்க தம்பி. பட்டாசு சத்தம் அடங்குனதும் ஒரு சத்தமும் இல்ல. முன்னயெல்லாம் பேச விடாம கைதட்டுவாங்க.

ஐயா பேசி முடிச்சாரு. "எதாச்சும் கேக்கணும்னா கேளுங்க, நான் ஒங்க புள்ள"ன்னாரு. எல்லாரும் சொல்றதுதான் அது. அதுக்குன்னு எந்திரிச்சுக் கேக்குறதா? பொம்பளைங்க பக்கத்துல இருந்து ரேணுகா எந்திரிச்சுச்சு.

"ஐயா, சாப்பாட்டுக்கு வழியில்லாம இருந்தப்ப அந்த அரசாங்கத்துக்குக் கையத் தூக்குனீங்க. ஏன்?"

சத்தம் போடல. சும்மா, வெந்நி சூடா இருக்கான்னு கேக்குற மாதிரித்தான் கேட்டுச்சு.

ஐயா சிரிச்சாரு. "ஒங்களுக்காகத்தாம்மா தூக்குனேன். உள்ள இருந்தாத்தானே எதாச்சும் செய்ய முடியும்."

"என்னா செஞ்சீங்க?"

ஐயா ஒவ்வொன்னா சொன்னாரு. மேல் டிவிஷனுக்கு ரோடு. லயத்துக்குக் கூரைத் தகரம். கோயிலுக்கு மணி. எல்லாம் உண்மைதான் தம்பி, நானே முன்ன நின்னு வாங்குனது.

"அதெல்லாம் முந்தி செஞ்சது ஐயா. நாங்க கெழங்கு அவிச்சுத் தின்ன அந்த மாசம் என்னா செஞ்சீங்க?"

ஐயா மைக்க ஒதுக்கிட்டு என் பக்கம் குனிஞ்சாரு. "யாரு லெட்சுமணன் இந்தப் புள்ள?"ன்னாரு.

அவரு கையால தாலி எடுத்துக் குடுத்த புள்ள. அவருக்கு எத்தன கல்யாணம், எத்தன முகம். ஞாபகம் வச்சுக்க முடியுமா?

நான் சொன்னேன், "தெரியல ஐயா. பக்கத்துத் தோட்டமா இருக்கும்"னு.

ஏன் அப்பிடிச் சொன்னேன்னா, அந்தப் புள்ள மேல அவருக்குக் கோவம் வந்துறக்கூடாது பாருங்க. நாளைக்கு தினேசுக்கு ஒரு அரசாங்க வேல அது இதுன்னு போய் நிக்கிறப்ப, இந்த வீட்டு மருமகதானேன்னு ஆயிரக்கூடாது. நல்லதுக்குத்தான் சொன்னேன். ஆனா பாக்கியம் எனக்குப் பின்னாலயே ஆரத்தித் தட்டோட நின்னுக்கிட்டிருந்தா. நான் கவனிக்கல.

தேர்தலுக்கு மொத நாள் வழக்கம் போல வீடு வீடாப் போனேன். சின்னத்தக் காட்டுனேன், இலக்கத்தச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டுனாங்க. "சரி தலைவரே, சரி தலைவரே"ன்னாங்க. ஒருத்தராச்சும் முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். என் மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம். தேத்தண்ணி வேற ஊத்திக் குடுத்தாங்க.

ஓட்டுப் போடுற அன்னைக்கு பள்ளிக்கூடத்துல பொம்பளைங்க வரிசை, கொழுந்து நிறுக்க நிக்கிற மாதிரி, பேச்சே இல்லாம நின்னுச்சு. எனக்கு அப்பவே எதோ பட்டுச்சு. ஆனா இத்தன வருசமா வெளிய போகாத ஓட்டு இப்ப எப்பிடிப் போகும்னு மனசத் தேத்திக்கிட்டேன்.

முடிவு வந்தப்ப ஐயா பேரு இல்ல. டீவியில மேல கீழ தேடிப் பாத்தேன். தோத்துட்டாரு. கொஞ்ச ஓட்டுலயும் இல்ல. பெரிய தோல்வி.

மத்தியானம் போன் வந்துச்சு. ஐயாவே பேசுனாரு. இத்தன வருசத்துல அவரா எனக்கு எடுத்தது அதுதான் மொதத் தடவ. "லெட்சுமணன், ஒங்க பெட்டியில என்னா விழுந்திருக்குன்னு ஏஜென்ட்மாரு சொன்னாங்க. தோட்டத்த விடுங்க. ஒங்க வீட்டு ஓட்டாச்சும் எனக்கு விழுந்துச்சா?"ன்னாரு.

எப்பிடி இருக்கும் தம்பி? நான் போட்டேன். சத்தியமா போட்டேன். "என் வீட்டு ஓட்டு ஒன்னு தவறாம விழுந்துச்சு ஐயா"ன்னேன். அவரு வச்சிட்டாரு.

அடுப்படிக்குப் போனேன். பாக்கியம் ரொட்டி தட்டிக்கிட்டிருந்தா. "நீ யாருக்குப் போட்ட?"ன்னேன்.

"ஓட்டு ரகசியம்னு பெட்டிக்கிட்டயே எழுதிப் போட்டிருந்தாங்க"ன்னா.

"என்கிட்டயுமா?"

"ஒங்ககிட்டச் சொன்னா, நீங்க ஐயாகிட்டக் கேட்டுட்டுத்தானே சரியா தப்பான்னு சொல்லுவீங்க."

அவ சிரிக்கல. ரொட்டியத் திருப்பிப் போட்டா. நான் வெளிய வந்துட்டேன்.

அதோட முடிஞ்சிருந்தாப் பரவாயில்ல. தோட்டக் கமிட்டித் தெரிவு அடுத்த மாசம். எங்க சங்கத்துல ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா தலைவரத் தெரிவு செய்யிறது. பேருக்குத்தான் தெரிவு. எப்பவும் யாராச்சும் ஒருத்தர் என் பேரச் சொல்லுவாங்க, எல்லாரும் கைதட்டுவாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுக் கலைஞ்சு போவாங்க. இந்தத் தடவ என் பேரச் சொன்னதும் ஒரு பொம்பள எந்திரிச்சு ரேணுகா பேரச் சொன்னா. வீட்டுக்குள்ளயே போட்டியான்னு எல்லாரும் சிரிப்பாங்கன்னு நெனச்சேன். ஒருத்தரும் சிரிக்கல. நானே சிரிச்சேன்.

கையத் தூக்கச் சொன்னாங்க. எனக்குத் தூக்குனவங்க இருந்தாங்க தம்பி, இல்லைன்னு இல்ல. ஆம்பளைங்க கொஞ்சப் பேரு. பொறவு ரேணுகாவுக்குக் கேட்டாங்க. நான் பின் வரிசையெல்லாம் பாக்கல. எனக்கு நேரா, மொத வரிசையில பாக்கியம் இருந்தா. அவளத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். அவ என்னையப் பாத்துக்கிட்டே கையத் தூக்குனா. கொழுந்து பறிச்சுக் கருத்துப் போன கை. நல்லா ஒசரத் தூக்குனா. எண்ணி முடிச்ச பொறவும் எறக்கல. பக்கத்துல இருந்தவதான் புடிச்சு எறக்கி விட்டா.

இது செல்லுமா? நீங்களே சொல்லுங்க. ஒரே வீட்டு ஆளுங்க ரெண்டு பேரு நிக்கலாமான்னு சட்டத்துல இருக்கணும்ல? அதத்தான் ஐயாகிட்டக் கேக்கப் போறேன். அவரு எம்.பி. இல்லாட்டியும் சங்கத்துல பெரிய எடம். தெரிவு செல்லாதுன்னு அவரு ஒரு கடிதம் குடுத்தாப் போதும். அவரு அன்னைக்குக் கோவமா வச்சாரு, உண்மைதான். அதுக்குப் பொறவு நான் எடுத்தப்பயெல்லாம் எடுக்கல. அதான் நேருல போறேன். முகத்தப் பாத்தா எல்லாம் சரியாயிரும்.

ரேணுகாவா? நல்லாத்தான் செய்யிது. போன வாரம் கொழுந்து நிறுவை கொறையுதுன்னு தொரைகிட்டப் போயிருக்கு. கதிரையில உக்காந்து பேசுச்சாம் தம்பி. நான் இத்தன வருசமும் நின்னுக்கிட்டுத்தான் பேசுனேன். தொரைமாரு முன்னால உக்காரலாம்னு எனக்கு யாரும் சொல்லல.

என்கிட்ட மரியாதையில கொறையே இல்ல. மாமா, மாமான்னுதான் கூப்புடும். வெந்நி இப்ப எனக்கும் சேத்துத்தான் போடுது. நான் இன்னைக்குக் கெளம்புறப்பவும், குளுரும் மாமா, சால்வய எடுத்துக்கிங்கன்னு சொல்லுச்சு. எங்க போறேன்னு கேக்கல.

அந்த வெள்ளிக்கெழமயப் பத்தியும் கேக்கல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல தம்பி. மேடையில நின்ன ஐயாவக் கேட்டுச்சு. தொரையக் கேக்குது. என்னைய மட்டும் ஒரு வார்த்தை கேக்கல. கேட்டா சொல்றதுக்கு என்கிட்டப் பதில் இருக்கு. அது என் பொருள் இல்லம்மா, பொறுப்புக் குடுத்துட்டுப் போனது, ஒரு வார்த்தை கேக்காம எப்பிடி…

இல்ல, அப்பிடிச் சொல்லக்கூடாது. அந்தப் புள்ளைகிட்ட அப்பிடிச் சொல்ல முடியாது. மழையில நின்னேன்னு சொல்லலாம். கூரைக்குள்ளகூட நிக்காம, போனக் கையில வச்சுக்கிட்டு… அதுவும் சரியா வரல.

வேற மாதிரி சொல்லணும். நீங்க தூங்குங்க தம்பி, அவிசாவளை வந்ததும் எழுப்பி விடுறேன். நான் யோசிச்சுக்கிட்டு வர்றேன்.